லெண்ட், பொறோ, கடன்: இரு ஆங்கில வினைகளும் புத்தளக் கரையோரத்துக் கொடுக்கல் வாங்கலும்

ஆங்கிலம் கற்கும் எமது மாணவர் அடிக்கடி இடறும் இடங்களுள் ஒன்று ‘லெண்ட்’, ‘பொறோ’ என்னும் இரு வினைகளின் பயன்பாடாகும். முன்னது கடன் கொடுத்தலையும் பின்னது கடன் வாங்குதலையும் குறிக்கும். ‘உன் பேனாவை எனக்கு இரவல் தா’ என்று கேட்க நினைக்கும் மாணவன் கொடுத்தல் வினை நிற்க வேண்டிய இடத்தில் வாங்குதல் வினையை நிறுத்திவிடுவான். ‘அவனிடம் கடன் வாங்கினேன்’ என்பதை எழுதப் புகுந்து ‘அவனிடமிருந்து லெண்ட் பண்ணினேன்’ என்னும் பொருள்பட எழுதுவோரும் உளர். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவார். அடுத்த தவணையில் அதே பிழை மீண்டும் தலைகாட்டும். இதனைக் கவனக்குறைவு என ஒதுக்குவது எளிது. ஆயின் ஒரே இடத்தில் பலரும் ஒரே விதமாக இடறுவார்களாயின், அங்கே நிலம் சமமாக இல்லை என்று கொள்வதே முறை. அந்நிலத்தின் மேடு பள்ளத்தையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

எடுத்துக்காட்டுக்களைக் கற்பிட்டி முதல் சிலாபம் வரையான புத்தள மாவட்டக் கரையோரத்தை மனத்திற்கொண்டு அமைத்துள்ளோம். தமிழும் சிங்களமும் தலைமுறை தலைமுறையாக ஒரே கடற்கரையில் புழங்கும் பிரதேசம் அது. ஒல்லாந்தரின் கோட்டையும் ஆங்கிலேயரின் கச்சேரியும் தத்தம் மொழிகளில் பத்திரம் எழுதிய இடமும் அதுவே. 1834 இல் இலங்கை பற்றிய இடவிளக்க நூலை ஆங்கிலத்திலும், 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் பெயரால் அதே மொழியிலும் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி கற்பிட்டியிற் பிறந்தவர் என்பதும் நினைவுகூரத்தக்கது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் என்பது அங்கு அகராதிச் சொல் அன்று. தோணி கடலில் இறங்குவதும் இறங்காமற் கிடப்பதும் அதனைப் பொறுத்தன.

முதலில் ‘எதிர்ச்சொல்’ என்பதன் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சூடு, குளிர் என்பன எதிர்ச்சொற்கள். அவற்றிடையே வெதுவெதுப்பு என்றொரு நிலைக்கு இடமுண்டு. உயிரோடிருத்தல், இறத்தல் என்பனவும் எதிர்ச்சொற்கள். அவற்றிடையே மூன்றாம் நிலை இல்லை. கொடுத்தல், வாங்குதல் என்பன இவ்விரு வகையையும் சாராதவை. ஜோன் லயன்ஸ் 1968 இல் வெளியிட்ட கோட்பாட்டு மொழியியல் நூலில் விற்றல், வாங்கல் போன்ற இத்தகைய இணைகளைத் தனியொரு வகையாகப் பிரித்துக் காட்டினார். அவற்றை மறுதலைச் சொற்கள் எனலாம். இங்கு நிகழ்ச்சி ஒன்றே, நோக்குமிடங்கள் இரண்டு. அ என்பவர் ஆ என்பவருக்குக் கடன் கொடுத்தாராயின், ஆ என்பவர் அ என்பவரிடம் கடன் வாங்கினார் என்பது தானாகவே பெறப்படும். ஒரு வாக்கியம் மெய்யாயின் மற்றையதும் மெய். தருக்கம் இவ்வளவோடு நின்றுவிடும். யாரை எழுவாயாக நிறுத்துவது என்பதை இலக்கணமும், அவ்விடம் யாருக்கு வாய்க்கிறது என்பதைச் சமூகமும் தீர்மானிக்கின்றன.

ஆங்கிலத்தில் இவ்விரு வினைகளும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள் போலத் தோன்றினும், வாக்கியத்தில் அவை சமமாக நடந்துகொள்வதில்லை. கொடுத்தல் வினை இரு செயப்படுபொருள்களை ஏற்கும். பெறுபவரையும் பொருளையும் எவ்வித முன்னிடைச் சொல்லுமின்றி அடுத்தடுத்து நிறுத்தலாம். பெறுபவரைப் பின்னுக்குத் தள்ளினால் மட்டும் ‘டூ’ என்னும் முன்னிடைச் சொல் தேவைப்படும். வாங்குதல் வினையோ ஒரே செயப்படுபொருளை ஏற்கும். கொடுத்தவரைக் கூறவேண்டுமாயின் ‘ஃபுறொம்’ என்னும் முன்னிடைச் சொல்லோடு வாக்கியத்தின் கடைசியில் வைத்தல் வேண்டும், கூறாதும் விடலாம். ‘அவன் பெருந்தொகை கடன்பட்டான்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் வாங்குதல் வினையை மட்டும் வைத்து வாக்கியத்தை முடித்துவிட முடியும். கொடுத்தவர் யார், என்ன நிபந்தனையில் கொடுத்தார் என்ற வினாக்கள் அங்கு எழா. கடன்பட்டவரது நடத்தையைப் பேசுவதற்கும் கடன் கொடுத்தவரை மறைப்பதற்கும் இவ்வினை மிக வாய்ப்பானது. நாடுகளின் கடனைப் பற்றிய செய்திகளைப் படிப்போர் இதனை நாள்தோறும் காணலாம்.

இச்சொற்களின் வரலாறு இன்னும் சுவையானது. ‘லெண்ட்’ என்பதன் ஈற்று டகர ஒலி பழைய ஆங்கில வினையில் இருந்ததன்று. இறந்தகால வடிவத்திலிருந்து பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. ‘பொறோ’ என்பதன் அடி பிணை, ஈடு என்னும் பொருளுடைய ‘போர்க்’ என்னும் பழைய பெயர்ச்சொல்லாகும். அஃதாவது, அவ்வினையின் மூலக்கருத்து பிணை வைத்தல்; பெறுதல் என்பது வழிவந்த பொருளே. கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் ‘ஓ’ என்னும் வினையும், சொந்தமாகக் கொண்டிருத்தலைக் குறிக்கும் ‘ஓன்’ என்னும் வினையும், கடப்பாட்டைக் குறிக்கும் ‘ஓட்’ என்னும் துணைவினையும் ஒரே அடியில் முளைத்தவை. அவ்வடியின் பொருள் உடைத்தாயிருத்தல். உடைமையாளனும் கடனாளியும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகள்!

இவ்விரு திசைகளையும் வேறு வேறு வினைகளாற் கூறுவது மொழிகளுக்கெல்லாம் பொதுவானதன்று. ஜேர்மன் மொழியின் ‘லைஹன்’, ‘போர்கன்’ ஆகிய இரண்டும் கொடுத்தலையும் வாங்குதலையும் ஒருங்கே குறிக்கும். ஒல்லாந்த மொழியின் ‘லேனன்’ என்பதும் அவ்வாறே. யாருக்கு, யாரிடமிருந்து என்பதை முன்னிடைச் சொல்லே உணர்த்தும். 1667 இல் கற்பிட்டியிற் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தரின் மொழியில் கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே வினையைப் பங்கிட்டுக்கொண்டனர். 1795 இல் அக்கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயரின் மொழியில் இருவருக்கும் தனித்தனி வினைகள் இருந்தன. இதனைக் கொண்டு ஒல்லாந்த வணிகன் ஆங்கில வணிகனிலும் இரக்கமுடையவன் என்று எவரேனும் முடிவுகட்டின் அது நகைப்புக்கிடமாகும். சொற்களின் அமைப்பிலிருந்து ஓரினத்தின் உள்ளத்தை நேரே வாசித்தறிய முற்படும் ஆய்வுமுறையோடு எமக்கு உடன்பாடில்லை.

ஒல்லாந்தர் விட்டுச்சென்றவற்றுள் இன்றும் நிலைத்திருப்பது உரோமன் டச்சுச் சட்டம். இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அதுவே அடிப்படை. ஆங்கிலம் ஒரே வினைக்குள் அடக்கிவிடும் இரு செயல்களை அச்சட்டம் வேறுபடுத்துகின்றது. பணத்தையோ தானியத்தையோ பெற்று, அதனைச் செலவழித்து, அதே அளவினதான வேறொன்றைத் திருப்பிக் கொடுப்பது ஒன்று. பாத்திரத்தையோ படகையோ பெற்று, பயன்படுத்தி, அதனையே திருப்பிக் கொடுப்பது மற்றொன்று. முன்னதில் பொருளின் உடைமை கைமாறுகின்றது; பின்னதில் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் நூலையும் பணத்தையும் ஒரே வினையாற் கடன் கொடுக்கலாம். தமிழோ இவ்விடத்து உரோமரோடு நிற்கின்றது. பணம் கடன், புத்தகம் இரவல். அயல்வீட்டில் ஒரு சுண்டு அரிசியைக் கடனாக வாங்கலாம். அரிசிப்பானையை இரவலாகத்தான் வாங்க முடியும். வட்டியின்றி ஓரிரு நாளில் திருப்பும் சிறுதொகை கைமாற்று. அளந்து வாங்கி அவ்வளவே திருப்பிக் கொடுக்கும் பண்டத்துக்குக் குறியெதிர்ப்பை என்னும் சொல் சங்ககாலத்திலேயே வழங்கியது. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பரிசிலாகப் பெற்ற செல்வத்தை யார் யாருக்கெல்லாம் கொடுக்குமாறு மனைவியிடம் கூறுகின்றாரோ, அவர்களுள் சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்களும் அடங்குவர். வள்ளுவரோ வறியவர்க்குக் கொடுப்பதொன்றையே ஈகை என்று கொண்டு, ஏனைய கொடைகளையெல்லாம் குறியெதிர்ப்பையின் பாற்படுத்தினார்.

இனித் தமிழ்த் தொடர்களின் இலக்கணத்தை நோக்குவோம். ஆங்கிலத்தில் வினை இரண்டாக நிற்க, தமிழில் ‘கடன்’ என்னும் பெயர் ஒன்றாக நின்று கொடு, வாங்கு என்னும் பொதுவினைகளைச் சேர்த்துக்கொள்கின்றது. இது எளிய ஏற்பாடு போலத் தோன்றும். ஆயின் ஒரு சிறு உருபு இத்தொடர்களின் திசையையே திருப்பிவிடுகின்றது. ‘கடன் கொடுத்தான்’ என்றால் புதிதாகக் கடன் வழங்கினான் என்பது பொருள். ‘கடனைக் கொடுத்துவிட்டான்’ என்றாலோ வாங்கியதைத் திருப்பிச் செலுத்தினான் என்பதே பொருள். ‘கடன் வாங்கி வா’ எனின் போய்க் கடன்படு என்றாகும். ‘கடனை வாங்கி வா’ எனின் தரவேண்டியவனிடம் அறவிட்டு வா என்றாகும். இரண்டாம் வேற்றுமையுருபு, கடனை முன்பே உள்ளதொன்றாகக் காட்டுவதே இதற்குக் காரணம். முன்பே உள்ள கடனைக் கொடுப்பவன் கடன்பட்டவனே. ‘கடனுக்குக் கொடுத்தான்’ என்பது மூன்றாவதொரு பொருளைத் தரும்: பணம் பெறாமற் பண்டம் விற்றான். ஆங்கிலத்தில் தனித்தனி வினைகளால் உணர்த்தப்படுவனவற்றைத் தமிழில் ஓர் உருபின் வரவும் வராமையும் உணர்த்திவிடுகின்றன.

‘இடம்’ என்னும் உருபும் கவனிக்கத்தக்கது. ‘அவனிடம் கொடுத்தேன்’, ‘அவனிடம் வாங்கினேன்’ என்னும் இரண்டிலும் ஒரே உருபு வருகின்றது. போய்ச் சேருமிடமும் புறப்படுமிடமும் ஒன்றாகின்றன. எமது மாணவனின் ஆங்கிலப் பிழைக்கு ஒரு காரணம் இதுவே என்பது எமது கருத்து. அவன் தாய்மொழியில் திசையை உணர்த்துவது வினை. அதனை ஆங்கில வினையிற் பிழையாகத் தேர்ந்துவிட்டால், முன்னிடைச் சொல்லைச் சரியாக இடும் பழக்கமும் அவனுக்குக் கைகொடுப்பதில்லை. அன்றியும், வாங்கு என்னும் வினை விலைக்கு வாங்குதல், கைநீட்டிப் பெறுதல், கடன்படுதல், அடிவாங்குதல் ஆகிய அனைத்தையும் தாங்கி நிற்பது.

கொடுத்தல் பக்கத்திலோ தமிழ் ஆங்கிலத்தினும் நுணுக்கமானது. தன்மைக்கும் முன்னிலைக்கும் வரும்போது தருதல். படர்க்கைக்குச் செல்லும்போது கொடுத்தல் என்பது தொல்காப்பியர் கூறும் வரையறை. தமிழகப் பேச்சில் இது பெரிதும் நெகிழ்ந்துவிட, ஈழத்துப் பேச்சில் இன்றும் உயிரோடிருக்கின்றது. ‘எனக்குக் கடன் தந்தார்’, ‘அவருக்குக் கடன் கொடுத்தார்’ என்று வேறுபடுத்துவது எமக்கு இயல்பு. ஆங்கில வினைக்கு இவ்வேறுபாடு தெரியாது. தொல்காப்பியம் எச்சவியலில் கூறும் பிறிதொரு விதி இதனினும் முக்கியமானது. இரக்கும்போது தாழ்ந்தவன் ‘ஈ’ என்றும், ஒத்தவன் ‘தா’ என்றும், உயர்ந்தவன் ‘கொடு’ என்றும் கேட்க வேண்டும் என்பது அவ்விதி. கேட்பவன் எந்நிலையில் நின்று கேட்கிறான் என்பதை வினையடியே அறிவித்துவிடுகின்றது. ஏற்றத்தாழ்வு இலக்கணத்துக்குள் இவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பது அரிது. தமிழகத்துக் கணக்குப்பதிவு நூல்களில் கடன் கொடுத்தவர்களைக் ‘கடனீந்தோர்’ என வழங்குவர். எமது நூல்களில் அவர்கள் ‘கடன்கொடுத்தோர்’. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் எதிர்பாராத வகையில், ‘ஈந்தோர்’ என்னும் சொல் கடன்பட்டவனைத் தொல்காப்பியரின் தாழ்ந்த படியிலேயே நிறுத்திவிட்டது.

‘கடன்காரன்’ என்னும் சொல் ஆங்கில ஆசிரியருக்குத் தலையிடி தருவது. ‘கடன்காரன் வாசலில் நிற்கிறான்’ என்பதில் அவன் கொடுத்தவன். ‘நான் கடன்காரனாகிவிட்டேன்’ என்பதில் வாங்கியவன். மறுதலையான இரு பாத்திரங்களையும் ஒரே பெயர் ஏற்கின்றது. ‘கடனாளி’யோ முதலாளி, தொழிலாளி என்னும் சொற்களோடு உடன்பிறந்தது, முதலை ஆள்பவன், தொழிலை ஆள்பவன், கடனை ஆள்பவன். கடனை அவன் ஆள்கிறானா, கடன் அவனை ஆள்கிறதா என்பது வேறு கேள்வி. ‘கடன்படு’ என்பதன் துணைவினை இதற்கு நேர்மையான விடையைத் தருகின்றது. பாடுபடு, துன்பப்படு, அகப்படு என்பவற்றில் வரும் அதே படு. ஆங்கிலத்தில் கடன் வாங்குதல் ஒருவன் தானே விரும்பிச் செய்யும் செயல். தமிழில் அது அவனுக்கு நேர்வது. (இராவணனது கலக்கத்துக்குக் கடன்பட்டவரின் நெஞ்சை உவமையாக்கும் அடியொன்று கம்பனுடையதாக மேடைதோறும் வழங்குகின்றது. கம்பராமாயணத்தில் அப்படியோர் அடி இல்லை. இல்லாத அடியை மக்கள் மறவாது வைத்திருப்பதற்கும் காரணம் இருக்கவே செய்யும்.)

சிங்களத்திலும் ‘ணய’ என்னும் பெயர் ஒன்றாக நிற்க, கொடுத்தல், எடுத்தல் வினைகள் மாறி வருகின்றன. வட்டியைச் சிங்களத்தில் ‘பொலிய’ என்பர். சோழர் காலக் கல்வெட்டுக்களில் வட்டியைக் குறித்த பொலிசை, பொலியூட்டு என்னும் சொற்களோடு இது உறவுடையதாகவே தோன்றுகின்றது. தமிழர் தம் பழஞ்சொல்லை மறந்து ‘வட்டி’ என்று கூற, அயல்மொழி அதனைப் பேணி வைத்திருக்கின்றது. இம்மாவட்டத்துக்குச் சற்றுத் தெற்கே நீர்கொழும்பு மீனவரது தமிழை ஆராய்ந்த ஸ்டீவன் பொண்டா, அத்தமிழ் சிங்களத் தொடர்பினால் வினைமுற்றின் திணை, பால், எண், இட விகுதிகளை இழந்துள்ளமையை எடுத்துக்காட்டியுள்ளார். அத்தகைய தமிழில் கொடுத்தவன் யார், வாங்கியவன் யார் என்பதை வினையின் ஈறு கூறாது. உருபும் சூழலுமே கூறவேண்டும். சூழலையோ இருவரும் நன்கறிவர்.

அச்சூழலுக்கு வருவோம். கரைவலைத் தொழிலில் வலையும் தோணியும் சம்மாட்டிக்கு உரியன. வலை இழுப்போர் பங்குக்கு உழைப்பவர். இயந்திரப் படகும் நைலோன் வலையும் வந்தபின் தொழிலுக்குத் தேவையான முதல் பன்மடங்காகியது. அதனைத் தருபவர் பெரும்பாலும் மீன் கொள்வனவு செய்யும் முதலாளி. அவர் தரும் முற்பணத்துக்கு வட்டி கேட்பதில்லை என்பதைப் பெருந்தன்மையாகவே பலரும் பேசுவர். நிபந்தனை ஒன்றே: பிடிக்கும் மீனை அவருக்கே கொடுத்தல் வேண்டும், விலையை அவரே கூறுவார். ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்ப்போம். முற்பணம் 200,000 ரூபா. சந்தையில் கிலோ 1,000 ரூபா விற்கும் மீனுக்கு அவர் தருவது 900. நாளொன்றுக்கு 20 கிலோவாக மாதத்தில் 20 நாள் மீன்படுகின்றது. மாதத்துக்கு 40,000 ரூபா குறைகின்றது. அது நூற்றுக்கு 20, ஆண்டுக்கன்று, மாதத்துக்கு. அவ்வளவும் போனபின் 200,000 ரூபாவும் குறையாமல் அப்படியே நிற்கும்.

இவ்விடத்து ‘லெண்ட்’ என்னும் வினையின் பொருளே ஆட்டம் காண்கின்றது. திருப்பிப் பெறுதல் என்னும் எதிர்பார்ப்பு அவ்வினையின் பொருட்கூறுகளுள் ஒன்று; அதனை நீக்கினால் அது வெறும் கொடுத்தலாகிவிடும். முதலாளியோ பணத்தைத் திருப்பிப் பெற விரும்புவதில்லை. கடன் தீர்ந்தால் மீனவன் வேறொருவருக்கு மீனை விற்கச் சுதந்திரம் பெற்றுவிடுவான். வேறு முதலாளியிடம் அவன் செல்வதாயின், புதியவர் பழையவரின் கடனைத் தீர்த்து அவனை ஏற்க வேண்டியிருக்கும். மீனவன் ‘கடன் வாங்குகின்றான்’, முதலாளி ‘மீன் வாங்குகின்றார்’. ஆங்கிலம் இவற்றை இரு வினைகளாற் பிரித்து இரு ஒப்பந்தங்களாகக் காட்டும். தமிழின் ஒரே வாங்குதல், இரண்டும் ஒரே பேரம் என்பதை மறைக்க முடியாமல் நிற்கின்றது.

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில், பண்டைய உலகின் வர்க்கப் போராட்டம் முக்கியமாகக் கடன் கொடுத்தோருக்கும் கடன்பட்டோருக்கும் இடையிலான போராக வடிவெடுத்தது என்கிறார். அதே நூலில் உழைப்புச் சக்தியின் விற்பனையை ஆராயுமிடத்துக் கூறுவது எமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. உழைத்து முடித்த பின்னரே கூலி பெறும் தொழிலாளி, தன் உழைப்புச் சக்தியை முதலாளிக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுகின்றான். அஃதாவது எங்கும் தொழிலாளியே முதலாளிக்குக் கடன் கொடுக்கின்றான். விடிகாலையில் வலையிழுத்து, மீன் விலைப்பட்டுக் கணக்கு முடியும்வரை காத்திருப்பவன் அத்தனை நாளும் கடன் கொடுத்தவனே. ஆயின் கடன் கொடுத்தல் என்னும் வினைக்கு, அது ஆங்கிலமாயினும் தமிழாயினும் சிங்களமாயினும், அவனை எழுவாயாக்கி ஒரு வாக்கியத்தைக் கரையோரத்தில் எவரும் கூறக் கேட்டிலோம். வறுமையில் அவன் இடையிற் பெறும் சிறு தொகை மட்டும் ‘கடன்’ எனக் கொப்பியில் ஏறும். வொலோஷினோவ் 1929 இல் மொழிக்குறி வர்க்கப் போராட்டத்தின் களம் என்று எழுதியபோது இத்தகைய சொற்களையே கருத்திற் கொண்டிருக்க வேண்டும்.

அண்மைக்கால நுண்கடன் பத்திரங்களையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். வைப்புக்களை ஏற்கும் நுண்நிதிக் கம்பனிகளை மத்திய வங்கியின் அனுமதிப்பத்திர முறைக்குள் கொண்டுவந்தது 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டம். சிறு குழுக்களாகச் சேரும் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்பது இக்கடன்முறையிற் பரவலான வழக்கம். ஒருத்தி தவணை தவறின் ஏனையோர் செலுத்தல் வேண்டும். ‘பொறோ’ என்பதன் ஆதிப்பொருளாகிய பிணை, நூற்றாண்டுகள் கடந்து, ஆங்கிலம் அறியாத பெண்களின் முற்றத்துக்கே திரும்பி வந்திருக்கின்றது. இத்தகைய பத்திரங்களைத் தமிழாக்குவோர் ‘கடன்பெறுநர்’ என்னும் சொல்லையே விரும்புகின்றனர். பெறுதல் நற்சொல், பேறும் பரிசிலும் பெறப்படுவன. ‘கடன்படுநர்’ என்றோ, அதனிலும் தெளிவாகக் ‘கடனுக்கும் பிறர் கடனின் பிணைக்கும் உட்படுபவர்’ என்றோ எழுதினால் கையொப்பமிடுமுன் ஒரு கணம் நின்று வாசிக்கத் தோன்றும்.

எமது கணக்கீட்டுப் பாடநூல்கள் வணிகனுக்குச் சரக்கை முன்கொடுத்துப் பணத்துக்குக் காத்திருப்பவனைக் ‘கடன்கொடுத்தோர்’ என்னும் தலைப்பின்கீழ்ப் பதிகின்றன. உழைப்பை முன்கொடுத்துக் கூலிக்குக் காத்திருப்பவனை அத்தலைப்பின்கீழ்க் காணமுடியாது. அவனுக்குரியது ‘அட்டுறு செலவு’ என்னும் வேறொரு வரியில் இருக்கின்றது.